இணையவழிப் பாடங்களும் எஞ்சிய முக்காற் கூறும்

கல்வியைக் கொண்டுவந்து சேர்க்கும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. பனையோலையும் எழுத்தாணியும் போய் அச்சுப் புத்தகம் வந்தது. கரும்பலகையோடு வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்தன. இன்றோ சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசியின் வழியே, இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் விரிவுரை நம் விடுதி அறைக்குள் ஒலிக்கின்றது. இம்மாறுதலைக் கண்டு வருந்துவோர் பலர். மகிழ்வோர் அவரினும் பலர். அவ்விரு சாராருடனும் வாதம் புரிதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இணையவழிப் பாடங்கள் நம் கலாசாலைகளுக்குள் வந்துவிட்டன. இனி அவை திரும்பிப் போகப் போவதில்லை. ஆதலின், அவற்றைத் தரமுடையனவாக்குவது எங்ஙனம் என்பதே நாம் ஆராயத் தக்கது.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. மத்திய அரசின் 'ஸ்வயம்' வழியாகக் கற்கும் பாடங்களின் கிரெடிட் எனப்படும் மதிப்பலகினைப் பட்டப்படிப்பிற் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. அப்பொழுது ஒரு பருவத்துப் பாடங்களில் 100-க்கு 20 என்பதே மேல் வரம்பு. 2021-ஆம் ஆண்டு விதிகள் அவ்வரம்பை 40 ஆக உயர்த்தின. அஃதாவது, ஒரு பருவத்தில் 5 பாடங்கள் பயிலும் மாணாக்கர் அவற்றுள் 2 பாடங்களை இணையவழியே முடித்தல் கூடும். அவ்விரண்டும் உள்ளீடற்றனவாயின், நாம் வழங்கும் பட்டமும் அவ்வளவிற்கு உள்ளீடற்றதேயாம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அக்குறையைத் தனிப்பயிற்சியால் நிரப்பிக்கொள்வர். பட்டம் ஒன்றையே முதலாகக் கொண்டு உலகிற் புகும் ஏழை மாணாக்கர் எதனைக் கொண்டு நிரப்புவர்?

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். புள்ளியியலில் இணையவழிப் பாடமொன்றை முடித்து, நல்ல மதிப்பெண்ணுடன் சான்றிதழும் பெற்ற மாணாக்கர் ஒருவர் அதனைக் காட்ட என்னிடம் வந்தார். தம் குடும்பத்திற் கலாசாலை வாயிலை மிதித்த முதல்வர் அவரே. சான்றிதழைக் கண்டு மகிழ்ந்த நான், "தம்பி, இரண்டு வகுப்புகள். இரண்டிலும் சராசரி மதிப்பெண் 60. ஒன்றன் திட்ட விலக்கம் 5. மற்றதன் திட்ட விலக்கம் 20. எந்த வகுப்பிற்குப் பாடம் நடத்துவது கடினம்? ஏன்?" என்று வினவினேன். அவர் திட்ட விலக்கத்தின் சூத்திரத்தைத் தவறின்றிச் சொன்னார். வினாவிற்கு விடை வரவில்லை. சிறிது நேரம் நின்று, "ஐயா, பேராசிரியர் சொல்லும்போது எல்லாம் விளங்கிற்று, இப்பொழுது எடுத்துச் சொல்ல வரவில்லை" என்றார். மேலும் உசாவியதில், மூன்றாம் வாரத்தில் இதே பொருளைப் பற்றித் தமக்கு ஐயம் எழுந்ததாகவும், அதனை அப்பாடத்தின் கலந்துரையாடற் பகுதியில் எழுதியதாகவும் கூறினார். "எனக்கும் இதே ஐயம்" என்று அதன்கீழ் இருவர் எழுதியிருந்தனர். பாடம் முடிந்த நாளிலும் ஆசிரியர் எவருடைய மறுமொழியும் அங்கு இல்லை.

அம்மாணாக்கரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் சோம்பேறியல்லர், காணொளிகள் அனைத்தையும் கண்டவர், ஒப்படைப்புகளைக் காலந் தவறாது முடித்தவர். அங்ஙனமாயின் குறை எங்கே உள்ளது?

இதற்கு விடை நம் பழைய இலக்கண நூலொன்றிலேயே உள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஓர் அரிய கணக்கினைத் தருகின்றார். ஒரு நூலை இருமுறை கேட்பின் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்கும் ஆற்றல் வரும் என்றும் அவர் கூறுகின்றார். இம்மட்டில் இணையவழிப் பாடம் வகுப்பறையினும் சிறந்ததே. விளங்காத பகுதியை மும்முறையன்றி முப்பது முறையும் சலிப்பின்றிச் சொல்ல வல்லது காணொளி ஒன்றேயன்றோ? ஆனால், முனிவர் அங்கே நின்றாரல்லர். ஆசிரியர் உரைத்ததை மனத்தில் நன்கு அமையக் கொண்டாலும், மாணாக்கன் பெறுவது காற்கூறே என்கின்றார். உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் வருவது மற்றொரு காற்கூறு. தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைத்தலால் வருவது எஞ்சிய இரண்டு காற்கூறு. வினாவுதலையும், வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் மாணாக்கனின் கடமைகளாகவே அவர் வைத்துள்ளார்.

இக்கணக்கைக் கொண்டு நோக்கின், என்னிடம் வந்த மாணாக்கரின் நிலை தெளிவாகும். அவருக்குக் கிடைத்தது காற்கூறு. அதுவும் நல்ல காற்கூறே. சான்றிதழோ முழுக் கூற்றிற்கும் வழங்கப்பட்டது. இணையவழிப் பாடங்களின் தரத்தைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் காணொளியின் ஒளியமைப்பு, ஒலித்தெளிவு, படங்களின் அழகு ஆகியவற்றிலேயே நின்றுவிடுகின்றது. முன்னரே நன்றாயுள்ள காற்கூற்றை மேலும் மெருகிடுகின்றோம். முக்காற் கூற்றை மறந்துவிடுகின்றோம்.

பவணந்தியாரின் கணக்கு வெறும் முன்னோர் மொழியன்று. இக்கால ஆராய்ச்சியும் அதன் பக்கமே நிற்கின்றது. அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளநூற் புலவர் இருவர் 2006-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணைகளிலும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை மட்டும் படித்து, எஞ்சிய மூன்று தவணைகளிலும் ஏட்டை மூடிவிட்டு நினைவிலுள்ளதை எழுதினர். 5 நிமிடங் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் மீண்டும் படித்தோர் 100-க்கு 83 பங்கு நினைவு கூர்ந்தனர். எழுதிப் பார்த்தோர் 71 பங்கே கூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று: படித்தோர் 40, எழுதிப் பார்த்தோர் 61. "சொல்லும்போது விளங்கிற்று" என்னும் உணர்ச்சி எத்துணை ஏமாற்றவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தொலைவிலிருந்து கற்பித்தலின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐஸக் பிட்மன் என்பார் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல்வழிக் கற்பிக்கத் தொடங்கினார். மாணாக்கர் வேதாகமத்தின் சில பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, அவர் அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். பாடத்தை அஞ்சலில் அனுப்புதல் எவர்க்கும் எளிது. திருத்தம் திரும்பி வந்ததே அம்முறையின் உயிர். 1969-இல் அரச சாசனம் பெற்று 1971-இல் பாடந் தொடங்கிய பிரிட்டிஷ் திறந்தநிலைப் பல்கலைக் கழகம், முன் தகுதி எதுவும் கேளாது, முதலாண்டிலேயே ஏறக்குறைய 24,000 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன் விரிவுரைகள் பி.பி.சி. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்தமையால், அதனை 'வானொலிப் பல்கலைக் கழகம்' என்று நகைத்தோரும் உண்டு. ஆனால், அது நிலைபெற்றது வானொலியாலன்று. ஒவ்வொரு மாணாக்கருக்கும் ஓர் ஆசிரியர் அமர்த்தப்பட்டார். மாணாக்கர் எழுதிய கட்டுரைகளைப் படித்து, மதிப்பெண்ணோடு, எங்கே வழி தவறினார் என்பதையும் எழுதி அனுப்புவது அவர் கடமை. கோடைக்கால வகுப்புகளில் மாணாக்கர் ஒருவரையொருவர் நேரிற் கண்டனர். அதாவது, எஞ்சிய முக்காற் கூற்றிற்கும் அங்கே ஏற்பாடு இருந்தது.

அவ்வேற்பாடு இல்லாதவிடத்து நிகழ்வதையும் உலகம் கண்டிருக்கின்றது. 2011-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார் இருவர் செயற்கை நுண்ணறிவு பற்றி யாவர்க்கும் திறந்த பாடமொன்றை நடத்தியபோது, ஏறக்குறைய 1,60,000 பேர் பெயர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டிலேயே கோர்ஸெரா, எட்எக்ஸ் முதலிய நிறுவனங்கள் எழுந்தன. கலாசாலைகளுக்கு இனி வேலையில்லை என்று கூறினோரும் இருந்தனர். ஹார்வர்டு பல்கலைக் கழகமும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் வழியே நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 2017-18-ஆம் ஆண்டில் அவற்றிற் சேர்ந்தோருள் 100-க்கு 3 பேரே பாடத்தை முடித்தனர் என்று காட்டிற்று. சான்றிதழுக்காகப் பணம் செலுத்தியோருள்ளும் 46 பேரே முடித்தனர். 2013-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஸான் ஹோஸே அரசுப் பல்கலைக் கழகம் கணிதத்தில் மூன்று பாடங்களை இம்முறையில் நடத்திப் பார்த்தது. முதற் பருவத்தில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறாமையால், அவ்வாண்டு ஜூலையிலேயே முயற்சியை நிறுத்தி வைத்தது. சேர்ந்தோருள் பலர் முன்னரே கணிதத்தில் தவறியவர்களும், பள்ளிப் படிப்பு முடியாதவர்களுமாவர். ஆசிரியரின் துணை எவர்க்கு மிகுதியும் வேண்டுமோ, துணையற்ற பாடம் அவரையே முதலிற் கைவிடுகின்றது.

நம் நாட்டு ஏற்பாடுகளை நோக்கும்போது சில நன்மைகளை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், பாடங்களைக் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. அதன் சான்றிதழ்த் தேர்வை மாணாக்கர் மையத்திற்கு நேரிற் சென்றே எழுதவேண்டும். 100 மதிப்பெண்ணில் 75 அத்தேர்வுக்கும், 25 வாராந்தர ஒப்படைப்புகளுக்கும் உரியன. சில பாடங்களின் எழுத்துப் படிகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஸ்வயத்தின் அமைப்பும் எண்ணிச் செய்ததே. காணொளி, படிப்பதற்குரிய பாடநூற் பகுதி, தம்மைத் தாமே சோதிக்கும் வினாக்கள், கலந்துரையாடற் பகுதி என அதற்கு நான்கு கூறுகள் வகுத்துள்ளனர். பவணந்தியார் நாற்கூறு வகுத்ததை இது நினைவூட்டுகின்றதன்றோ?

ஆயினும், ஏட்டில் உள்ள நான்கும் நடைமுறையில் ஒத்த வலிமை உடையனவாயில்லை. ஆயிரக்கணக்கானோர் பயிலும் பாடமொன்றில், ஐயங்கள் அனைத்திற்கும் ஒரு பேராசிரியரும் சில உதவியாளரும் விடை கூறுதல் அரிது. வாராந்தர வினாக்கள் பெரும்பாலும் நான்கிலொன்றைத் தெரிந்தெடுக்கும் வகையின. அவற்றின் விடைகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் யூடியூபிலும் உலவுவதை நம் மாணாக்கர் எவரும் அறிவர். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரை வினாவிற்கும் கணத்தில் விடை எழுதித் தரும் கருவி கைக்கெட்டிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இப்பொழுது சுரைக்காயை ஏட்டில் எழுதும் உழைப்பும் நமக்கு வேண்டாததாயிற்று!

இனிச் செய்யத் தக்கன யாவை? மத்திய அரசும் பெரிய நிறுவனங்களும் செய்ய வேண்டுவன பல. விரிவுரையைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு வினாவை வைத்து, விடை எழுதியபின்பே அடுத்த பகுதி திறக்குமாறு அமைத்தல் அவற்றுள் ஒன்று. எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் முறை காணொளிகள் காணப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், காணொளி எத்துணை நீண்டதாயினும் மாணாக்கர் அதிற் செலவிடும் இடைநிலை நேரம் 6 நிமிடத்திற்கு மேற் செல்லவில்லை என்று கண்டனர். ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவு செய்து வைத்தலால் பயன் குறைவு என்பது இதனாற் போதரும். ஆனால், அவை நம் கையில் இல்லாதன. நம் கையில் உள்ளவற்றையே நான் வற்புறுத்த விரும்புகின்றேன். அவை மூன்று.

முதலாவது: மதிப்பலகுக்காக எடுக்கும் ஒவ்வோர் இணையவழிப் பாடத்திற்கும், அப்பொருளை அறிந்த நம் கலாசாலை ஆசிரியர் ஒருவர் துணையாசிரியராக இருத்தல் வேண்டும். பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவதற்காக அன்று. ஒவ்வொரு மாணாக்கரும் வாரத்திற்கு ஒரு வினாவிற்கேனும் தம் சொற்களால் விடை எழுத, அதனைப் படித்துத் திருத்தித் தருவதற்காக.

இரண்டாவது: ஒரே பாடத்தை எடுத்த மாணாக்கர் வாரந்தோறும் ஒரு மணி நேரம் கூடுதல் வேண்டும். அக்கூட்டத்தில் ஒருவர், அவ்வாரப் பாடத்தில் ஒரு பகுதியைக் கரும்பலகையின்முன் நின்று, தமிழிலோ ஆங்கிலத்திலோ தமக்கு இயன்ற மொழியில் மற்றவர்க்கு விளக்குதல் வேண்டும். தமிழ்வழி படித்து வந்தோர் ஆங்கில விரிவுரையின் முன் வாய்மூடி இருக்கும் நிலை இங்கேதான் நீங்கும்.

மூன்றாவது: மதிப்பலகு வழங்கும் முன் 10 நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்று நடத்தப் பெறல் வேண்டும். மாணாக்கரை வீழ்த்துவதற்காக அன்று. எஞ்சிய முக்காற் கூறு வந்து சேர்ந்ததா என்று அறிவதற்காக. நேரில் நின்று ஒரு பொருளை விளக்கி, இடையிற் கேட்கும் வினாவிற்கு விடை கூறுவார்க்கு, வாட்ஸ்அப் விடையும் இயந்திரம் எழுதிய கட்டுரையும் துணை செய்யமாட்டா.

இதற்குச் செலவாகுமே என்பர் சிலர். ஆகும், அதனை மறைத்தல் நேர்மையன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். 40 மாணாக்கரின் விடைகளை, ஒன்றுக்கு 10 நிமிடமாகப் படித்துத் திருத்தின், வாரத்திற்கு 400 நிமிடம். அஃதாவது 6 மணி 40 நிமிடம். உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு மானியக் குழு விதித்துள்ள கற்பித்தல் நேரம் வாரத்திற்கு 16 மணி. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். 20 மாணாக்கருக்கு ஒருவர் என்று வைப்பின், 3 மணி 20 நிமிடத்தில் முடியும். இந்நேரத்தைக் கற்பித்தல் நேரமாகவே கணக்கிட வேண்டும். 'மேற்பார்வை' என்று பெயரிட்டு ஆசிரியர் தலையில் மிகைச் சுமையாக ஏற்றினால், அது மறு மாதமே கையொப்பச் சடங்காகிவிடும். இணையவழிப் பாடத்தால் ஆசிரியர் செலவை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணுவோர்க்கு இது கசப்பாயிருக்கலாம். மிச்சமாவது விரிவுரை நேரமே. அந்நேரம் மாணாக்கரின் விடைத்தாளுக்கு உரியது.

வேறு சிலர், இணையவழிக் கல்வியின் பெருமை சுதந்தரமே. அதனை வாராந்தரக் கூட்டங்களாற் கட்டுதல் தகாது என்பர். தம் விருப்பத்திற்காகவும் தொழிலின் பொருட்டும் கற்போர்க்கு இது முற்றும் உண்மை. அவர்கள் எப்பொழுது வேண்டினும் புகுந்து, வேண்டியதைக் கொண்டு போகலாம். ஆனால், நம் முத்திரையிட்ட பட்டத்தில் ஒரு பங்காக வரும் பாடத்திற்கு நாம் பொறுப்பாளர். பிறர் சமைத்ததாயினும், நம் பந்தியிற் பரிமாறும் உணவை நாம் சுவைத்துப் பார்த்தேயாக வேண்டும்.

இவையெல்லாம் நடைபெறக் கூடுமா என்று ஐயுறுவோர்க்கு என் சிறிய அனுபவத்தைக் கூறுவேன். இவ்வாண்டு ஆறு மாணாக்கரை, முற்கூறிய தம்பியையும் சேர்த்து, சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு வகுப்பறையிற் கூட்டினேன். இருவர் இடையில் நின்றுவிட்டனர். ஒருவருக்குப் பகுதிநேர வேலை, மற்றவருக்கு ஆர்வக் குறைவு. எஞ்சிய நால்வரும் இறுதிவரை வந்தனர். நான் அங்கே பேசியது குறைவு. பேசாதிருக்கக் கற்றதே எனக்குப் பெரிய பாடம். ஐந்தாம் வாரத்தில் அத்தம்பி கரும்பலகையில் இரண்டு வகுப்புகளின் மதிப்பெண்களை எழுதி, "முதல் வகுப்பில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறார்கள், ஒரு பாடம் போதும். இரண்டாம் வகுப்பில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்கும், பாதிப்பேருக்கு எட்டாது. ஆசிரியர் யாரைப் பார்த்துப் பேசுவார்?" என்று தம் தோழரை வினவினார். முந்திய ஆண்டில் நான் கேட்ட வினாவிற்கு அன்று விடை கிடைத்தது. அதனைச் சொன்னபோது அவர் என்னை நோக்கவில்லை, தோழரையே நோக்கினார். அதுவே எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது.

மாணாக்கர்களே, அடுத்த பருவத்தில் ஓர் இணையவழிப் பாடத்தைத் தெரிந்தெடுக்குமுன், 'எளிதில் மதிப்பெண் வருமா?' என்று முன்னவரைக் கேளாதீர்கள். 'ஐயம் எழுந்தால் விடை சொல்வார் உண்டா?' என்று கேளுங்கள். இல்லையெனின், உடன் பயில்வார் மூவரைத் தேடிக்கொண்ட பின்னரே பெயர் கொடுங்கள். ஆசிரியத் தோழர்களே, இனி விரிவுரை நம்முடைய தனியுரிமையன்று. ஆனால் ஒரு மாணாக்கரின் பிழையைக் கண்டு, அது எங்கே பிறந்தது என்று அறிந்து திருத்தும் தொழில் இன்னும் நம்முடையதே. வேலையிலமர்ந்து உலகெங்கும் பரவியிருக்கும் பழைய மாணவர்களே, கலாசாலைக்கு நீங்கள் கட்டடமும் கருவிகளும் வழங்கியுள்ளீர்கள், நன்றி. வாரத்திற்கு ஒரு மணி நேரம் ஆறு மாணாக்கரின் விடைகளைப் படித்து, அவரவர்க்கு நான்கு வரி எழுத உங்களில் ஐம்பது பேர் முன்வருவீர்களாயின், அது எந்தக் கட்டடத்திற்கும் குறைந்த கொடையன்று. அதற்கும் இணையமே வழி செய்துள்ளது.

காற்கூறு இப்பொழுது கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றது. எஞ்சிய முக்காற் கூற்றை நாம்தாம் கொடுத்தாக வேண்டும்.